விடுதலைச் சான்று கைக்கு வரும்வரை: ஒரு கொத்தடிமைக் குடும்பத்தை மீட்க முழுமையான வழிகாட்டி

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் நாடு முழுக்கப் பரவியது. அவர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்திகள் சொல்லின. படத்தைப் பார்த்த எல்லோருக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தப் படத்தில் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. அது ஒரு தாள். வருவாய் கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டிய விடுதலைச் சான்று. அது கைக்கு வராவிட்டால், வேலை செய்த இடத்திலிருந்து ஏற்றி வந்த வண்டி ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போன பிறகு, அந்தக் குடும்பம் அரசின் கணக்கில் கொத்தடிமையாக இருந்ததே இல்லை. கடன் ரத்தானதற்கு ஆதாரம் கிடையாது, நிதி கிடையாது, வழக்கும் நிற்காது. அடுத்த சீசனில், முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் அதே மேஸ்திரி அதே வாசலில் வந்து நிற்பான்.

எனவே இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சான்றை மையமாக வைத்தே போகிறது. ஊரில் இருக்கும் ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், சுய உதவிக் குழுப் பெண்கள், சட்டம் படிக்கும் மாணவர் என யார் கையில் எடுத்தாலும் பயன்படும்படி எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது என்றாலும் சட்டமும் மறுவாழ்வுத் திட்டமும் நாடு முழுமைக்கும் பொது.

முதலில் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

பண்ணையாருக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்களைக் குறிக்கும் பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் நம் தாத்தா பாட்டி காலத்தில் சாதாரணமாகப் புழங்கியவை. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தஞ்சை வட்டாரத்தில் தண்டனைகளாக இருந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அந்த மக்களைத் திரட்டிப் போராடிய பிறகுதான் 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பை ஏற்கெனவே தடை செய்திருந்தது. ஆனாலும் கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டத்துக்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரியில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமானது. பிப்ரவரி 9-ஆம் தேதி அரசு அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பது அதன் நினைவாகத்தான்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 6-ஆவது பிரிவு. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அது அழிந்துவிட்டது என்கிறது. தள்ளுபடி, தவணை என்ற பேச்சே இல்லை. 9-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அப்படி அழிந்த கடனுக்காக முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. மீட்புக்குப் பிறகு "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிரும்" என்று சமரசம் பேச வருபவர்களிடம் இந்தப் பிரிவைத்தான் காட்ட வேண்டும். அப்படிக் கொடுக்க வைப்பதே குற்றத்துக்குத் துணை போவது.

யார் கொத்தடிமை என்று சொல்லும் பிரிவு 2(ஜி). பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். சங்கிலி, பூட்டு, அடி, காயம் எல்லாம் இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்று: முன்பணம், பரம்பரைக் கடன், சாதி வழக்கம் இப்படி ஏதோ ஒரு கட்டு இருக்கிறதா? இரண்டு: அந்தக் கட்டினால் நான்கில் ஏதாவது ஒன்றை அவர் இழந்திருக்கிறாரா? அந்த நான்கு இவை: குறைந்தபட்சக் கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் போயிருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். சட்டத்தில் இந்த நான்குக்கும் இடையே வரும் "அல்லது" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளோடு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அதில்தான் தீரும்.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே 23-ஆவது பிரிவின்படி கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகளை ஒட்டி வந்த வழக்கு அது, நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு. பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகள்தான் என்று அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்து பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக சுவாமி அக்னிவேஷின் கொத்தடிமை விடுதலை அமைப்பான பந்துவா முக்தி மோர்ச்சா போட்ட வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரியவந்தால் அதன் பின்னால் முன்பணக் கடன் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும் என்றார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சட்டத்தின் 15-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. கூலிக்காரர் கையில் ரசீது இல்லையே என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்.

அடையாளம் காண்பது: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

1990-களில் தமிழ்நாட்டில் எத்தனை கொத்தடிமைகள் என்று பார்க்க உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம், பத்து லட்சத்துக்கும் மேல் என்று 1995-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின் அரசு தானே எடுத்த கணக்கில் வந்தது ஏறக்குறைய 25,000 பேர். ஒரே மாநிலம், ஒரே காலம். இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் அனுபவத்தில் கிடைத்த விடை, கேட்கும் கேள்வியைப் பொறுத்து எண் மாறும் என்பதுதான். "நீ கொத்தடிமையா?" என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "ஓனர் நல்லவருதான் சார். நாங்க காசு வாங்கியிருக்கோம், வேலை செய்யறோம்" என்பார்கள். வாங்கிய கடனைக் கழிக்காமல் போவது மானக்கேடு என்று நினைக்கும் மக்கள் அவர்கள். அந்த நேர்மையைத்தான் முதலாளி பூட்டாகப் பயன்படுத்துகிறார்.

எனவே கேள்வியை மாற்றுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையிலிருந்து வாங்கினீர்கள், மேஸ்திரியா ஓனரா? எந்த மாதம் வந்தீர்கள்? செங்கல் சூளை என்றால், ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு பேசினார்கள்? வாரச் செலவுக்கு என்ன தருகிறார்கள்? கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? போன சீசன் கணக்கு முடிந்ததா, பாக்கி நின்றதா? மழையில் கரைந்த கல் யார் கணக்கில் போனது? ஊரில் சாவு விழுந்தால் எல்லோரும் சேர்ந்து போக விடுவார்களா, ஒருவரை நிறுத்திக்கொள்வார்களா? ஓடிப் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்களை என்ன செய்தார்கள்?

இந்தக் கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் பெரும்பாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். திருவிழாவுக்குப் போக அனுமதி உண்டு, ஆனால் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், போய்வரும் உரிமை அங்கே இல்லை.

செங்கல் சூளையில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கணக்கின் சூழ்ச்சி புரியும். கூலி நாள் கணக்கில் இல்லை, அறுக்கும் கல் கணக்கில். மண்ணைக் குழைத்து, அச்சில் போட்டு, காய வைத்து, அடுக்கித் தர வேண்டும். புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் இறங்கினால்தான் எண்ணிக்கை தேறும். ஆனால் பேர் எழுதுவது புருஷன் பேரில் மட்டும். பின்னிரவில் தொடங்கி வெயில் ஏறும்வரை, பிறகு மாலையில் மீண்டும். குடும்பம் மொத்தமும் உழைத்த நேரத்தைக் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளை அப்படியே புகாரோடு இணையுங்கள்.

சூளை மட்டும் அல்ல. அரிசி ஆலை, கல்குவாரி, கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடம், கரும்பு வெட்டு இவையெல்லாம் பழைய களங்கள். டெல்டா பக்கம் ஆடு, வாத்து மேய்க்க அடகு வைக்கப்படும் சிறுவர்கள், முறுக்குக் கம்பெனி வேலைக்கென்று வடமாநிலங்களுக்கு அழைத்துச் செல்லப்படும் பையன்கள், "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று நூற்பாலை விடுதிகளில் நிறுத்தி வைக்கப்பட்ட பெண்கள், இவர்களையும் இதே நான்கு உரிமைகளை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளரும் பிற மாநிலத் தொழிலாளரும் கொத்தடிமையாக இருக்க முடியும் என்று 1985-இல் சட்டத்திலேயே விளக்கம் சேர்த்துவிட்டார்கள்.

தகவலைச் சேர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் நேராகச் சூளைக்குள் போய் விசாரிக்காதீர்கள். துப்பு கிடைத்தால் அன்று இரவே குடும்பங்களை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், தப்பி வந்தவர்கள், சந்தைக்கு வரும்போது பேசக் கிடைப்பவர்கள் வழியாக விவரம் சேருங்கள். எத்தனை குடும்பம், பெயர்கள், குழந்தைகள், இடத்துக்குப் போகும் வழி, முதலாளி பெயர் தெரிந்தால் போதும். தொலைபேசியில் இருப்பிடக் குறியீடு கிடைத்தால் இன்னும் நல்லது.

புகார் யாரிடம் கொடுப்பது

சட்டம் இந்தப் பொறுப்பை மாவட்ட ஆட்சியர் தலையில்தான் வைத்திருக்கிறது. 10 முதல் 12 வரையான பிரிவுகளின்படி, புகார் வந்தால்தான் என்றில்லை, தன் எல்லைக்குள் இந்த முறை இருக்கிறதா என்று விசாரிப்பதே அவர் கடமை. நடைமுறையில் வருவாய் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் இதைச் செய்வார். மனுவை இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுக்கும் மனு இதற்குச் சரிவராது. அங்கே பத்துப் பேர் கண்ணில் பட்டு, விஏஓ வழியாகச் சூளைக்காரருக்கே செய்தி போய்விடும் வாய்ப்பு அதிகம். தனியாக நேரம் கேட்டுச் சந்தித்து, உறையிலிட்டுக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் வரியிலேயே "1976-ஆம் ஆண்டு கொத்தடிமைச் சட்டம் பிரிவு 2(ஜி)" என்று வரட்டும். "கூலி பாக்கி", "சம்பளத் தகராறு" என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது. வந்தால் மனு தொழிலாளர் துறைக்குப் போய் அங்கேயே படுத்துவிடும்.

மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு அமைக்க 13-ஆவது பிரிவு சொல்கிறது. மாவட்டக் குழுவில் ஆட்சியர் தலைவர். பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து மூன்று பேர், சமூகப் பணியாளர் இரண்டு பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பல இடங்களில் குழு உயிர் பெறுவதே அப்படி ஒரு மனுவுக்குப் பிறகுதான். உறுப்பினர்களில் ஒருவரைப் பழக்கப்படுத்திக்கொண்டால் அடுத்த மீட்பு எளிதாகிவிடும்.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முதலில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, பெண்களுக்குக் கொடுமை என்றால் தயங்காமல் 112-ஐ அழையுங்கள். குழந்தைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181. மற்றபடி ஆட்சியர் வழியே போவதுதான் நல்லது. ஏனென்றால் விடுதலைச் சான்று கொடுக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை.

மனு கொடுத்தும் அசைவு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி எண் 15100. கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். கொத்தடிமை விவகாரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை 1997-இல் உச்ச நீதிமன்றமே அதற்குக் கொடுத்தது. எதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

மீட்பு நாள்

அதிகாரிகள் போகும்போது நீங்களும் போவது நல்லது, ஆனால் முன்னால் நிற்காதீர்கள். பெண் காவலர், தொழிலாளர் துறை, குழந்தைகள் நல அலுவலர் வருகிறார்களா என்று முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி போதுமானதா? மூன்று குடும்பம் என்று சொல்லியிருப்போம், போய்ப் பார்த்தால் ஏழு குடும்பம் ஏறி வரும். தண்ணீர், பிஸ்கட், கைக்குழந்தைகளுக்குப் பால் கையில் இருக்கட்டும்.

விசாரணையைச் சூளையிலேயே முடித்துவிட அவசரப்படுவார்கள். கூடாது. முதலாளி பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாருக்கும் வாய் வராது. எல்லோரையும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து வந்து, சாப்பிட வைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிளம்பும் முன் பாத்திரம் பண்டம், ஆடு கோழி, துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, செல்போன் முதலாளியிடம் இருந்தால் அதிகாரி முன்னிலையில் கேட்டு வாங்க வேண்டும். கணக்குப் புத்தகம் கண்ணில் பட்டால் அதை அதிகாரி கைப்பற்றும்படி சொல்லுங்கள். வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். பெரியவர்களின் முகம் ஊருக்குள் சுற்றினால் அவர்களுக்கு வேறு வேலை கிடைக்காமலும் போகும். மீட்கப்பட்ட குழந்தைகளை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகளைப் பிரிக்காமல் அதை முடிக்க முன்கூட்டியே குழுவிடம் பேசி வைப்பது நல்லது. பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு போனால் தாய் வாக்குமூலத்தையே மாற்றிச் சொல்லிவிடுவாள். அவள் மேல் குற்றம் இல்லை.

விசாரணையும் சான்றும்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். மொத்த முயற்சியும் இந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் நிற்கும் அல்லது விழும்.

விசாரிக்கும் அதிகாரி எடுத்த எடுப்பில் "அடிச்சாங்களா?" என்று கேட்பார். இல்லை என்று பதில் வரும். "சாப்பாடு போட்டாங்களா?" ஆமாம். அவ்வளவுதான், கொத்தடிமை இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். நான் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் ஆனது. எட்டுப் பேரை அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அதில் இரண்டு குடும்பம் அடுத்த வாரமே அதே சூளைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து நான் கேள்விகளைத் தட்டச்சு செய்து கையோடு கொண்டு போகிறேன். மேலே சொன்ன அட்வான்ஸ், கூலி, போய்வரும் உரிமை, வேறு வேலை ஆகிய நான்கையும் ஒரே தாளில் அச்சடித்து, மரியாதையாக "ஐயா, 2(ஜி)-க்கு இந்த விவரங்கள் தேவைப்படும்" என்று முன்னால் வையுங்கள். வேலைப்பளுவில் இருக்கும் அதிகாரிகள் பெரும்பாலும் அதை நன்றியோடு எடுத்துக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒடியா பேசுபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைக்கும் கொடுமையும் நடக்கிறது. அதை உடனே எதிர்த்துச் சொல்லுங்கள்.

வாக்குமூலம் ஒவ்வொருவரிடமும் தனியாக எடுக்க வேண்டும். குடும்பத் தலைவரிடம் மட்டும் எடுத்து ஒரே சான்றில் குடும்பத்தை அடக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. மனைவியும் வேலை செய்தார், 14 வயதுப் பெண்ணும் கல் அடுக்கினாள் என்றால் அவர்களுக்கும் தனித்தனிச் சான்று. ஏன் இதை இவ்வளவு அழுத்துகிறேன் என்பது நிதியைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே படித்துப் பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, சொந்த ஊர், சாதி, வேலை வாங்கிய இடம், முதலாளி பெயர், எந்தத் தேதியிலிருந்து, முன்பணம் எவ்வளவு, "கடன் சட்டப்படி அழிந்தது" என்ற வரி, தேதி, கையெழுத்து, முத்திரை. பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் ஆறு மாதம் அலைய வேண்டிவரும். அசல் குடும்பத்திடம், நகல்கள் உங்களிடம். பிற மாவட்டத்தவர், பிற மாநிலத்தவர் என்றால் சொந்த மாவட்ட ஆட்சியருக்கும் அலுவலகத்திலிருந்தே நகல் அனுப்பச் சொல்லி, அனுப்பிய கடித எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தப்பித்து ஊர் வந்து சேர்ந்தவர்களுக்கு இது கிடைக்காதா என்றால், கிடைக்கும். அவர்களும் மனு கொடுக்கலாம், விசாரணை நடக்க வேண்டும். சூளையில் பிடிபட்டால்தான் கொத்தடிமை என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

வழக்கு

1976 சட்டத்தின் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்புக்கு எதிரே 2,000 ரூபாய்! ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போதாததற்கு ஜாமீனில் வரக்கூடிய குற்றம். எனவே எஃப்ஐஆரில் இந்தச் சட்டம் மட்டும் இருந்தால் போதாது.

ஆளைக் கடன் காட்டி அழைத்துவந்து சுரண்டியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு, அதாவது பழைய ஐபிசி 370, சேர வேண்டும். ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் என்றால் பத்து ஆண்டுக்குக் குறையாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்): கொத்தடிமை வேலை வாங்குவது அங்கே பெயர் சொல்லியே குற்றமாக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் வந்தால் முன்ஜாமீன் கிடையாது, டிஎஸ்பி நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகையும் தனியாக உண்டு. குழந்தைகளைப் பிடித்து வைத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 79. புகாரை எழுதும்போதே சாதியையும் குழந்தைகளின் வயதையும் குறிப்பிட்டால்தான் இந்தப் பிரிவுகள் சேரும். பிறகு சேர்ப்பது கடினம்.

பணம்

கொத்தடிமை மறுவாழ்வுக்கென மத்திய அரசு 1978-இலிருந்து திட்டம் வைத்திருக்கிறது. 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் தலைக்கு 20,000 ரூபாய் என்றே நின்றது. 2016-இல் அதை மாற்றினார்கள். இப்போது ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்டவர்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் போன்ற மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். கணவன், மனைவி, வேலை செய்த இரண்டு பிள்ளைகள் என்றால் 7 லட்சம். நான்கு சான்று கேட்பதற்கும் ஒரே சான்றோடு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த 6 லட்சம்தான்.

இதற்கு முன் உடனடி உதவியாக ஆளுக்கு 30,000 ரூபாய் வரை கிடைக்கும். 2022-க்கு முன்பு 20,000 ஆக இருந்தது. டெல்லியிலிருந்து பணம் வரக் காத்திருக்கத் தேவையில்லை. இதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்ச ரூபாய் நிதி இருப்பில் வைக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. "நிதி வரல" என்ற பதில் வந்தால் இந்த நிதியின் இருப்பைக் கேளுங்கள்.

பெரிய தொகை வருவதில்தான் சிக்கல். வழக்கு முடியாவிட்டாலும், கொத்தடிமை என்று மாவட்ட நிர்வாகம் முதற்கட்டமாகக் கண்டறிந்திருந்தால் பரிந்துரையை நிறுத்தக் கூடாது என்று திட்டத்தில் இருக்கிறது. ஆனால் இறுதித் தொகை கைக்கு வருவதை நீதிமன்ற நடைமுறையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் பணமும் இழுக்கும். என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் உடனே மாற்ற வேண்டிய ஒரே இடம் இதுதான். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்காதது தொழிலாளியின் பிழையா? அதுவரை நாம் செய்யக்கூடியது, அரசு வழக்கறிஞரோடு தொடர்பில் இருந்து, சாட்சி சொல்லும் நாளில் குடும்பத்தை அழைத்துப் போவது. கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வர அவர்களிடம் பஸ் காசுகூட இருக்காது.

1978-இலிருந்து இதுவரை நாடு முழுக்க விடுவிக்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு சுமார் 3.15 லட்சம் பேர். 2016-இல் அதே அரசு, 2030-க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்போம் என்று இலக்கு வைத்தது. இந்த இரண்டு எண்களையும் உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

பணம் இல்லாத உதவிகளும் திட்டத்தில் உண்டு: வீட்டுமனை, நிலம், ஆடு மாடு, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு. இருளர் குடும்பம் என்றால் முதலில் சாதிச் சான்றிதழைக் கவனியுங்கள். அது இல்லாமல் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கிறது. மிகவும் பின்தங்கிய பழங்குடி என்ற பட்டியலில் தமிழ்நாட்டில் இருளர்கள் இருப்பதால் 2023-இல் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் வீடும் கேட்கலாம். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்களுக்குப் பட்டா கேட்டு மனுவை மீட்புக் கோப்போடு சேர்த்தே நகர்த்துங்கள். தனியாக அனுப்பினால் தனியாகவே தூங்கும்.

மீட்கப்பட்டவர்களே தொழிலை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணங்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, குத்தகைதாரர்களிடம் கட்டுண்டு கல் உடைத்த பெண்களுக்கே குழுவாகக் குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. அதே பெண்கள் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அண்மையில் திருவள்ளூர் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் "சிறகு" என்ற பெயரில் சொந்தமாகச் செங்கல் சூளை நடத்துகிறார்கள். கல் அறுக்கத் தெரிந்தவர்களைக் கோழி வளர்க்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மாவட்டத்தில் மறுவாழ்வுப் பேச்சு வரும்போது "உங்களுக்கு என்ன வேலை தெரியும், அதைச் சொந்தமாகச் செய்ய என்ன வேண்டும்?" என்று அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நாட்காட்டிக் குறிப்பு. சூளைச் சீசன் பெரும்பாலும் மழை ஓய்ந்ததும் தொடங்கி ஆனி மாதம்வரை ஓடும். அட்வான்ஸ் கொடுப்பது அதற்கு முன், ஐப்பசி கார்த்திகை அடைமழையில். வயல் வேலை இருக்காது, குடிசை ஒழுகும், தீபாவளி வேறு வரும். மேஸ்திரி பைக்கில் வருவது அப்போதுதான். எனவே மீட்ட குடும்பங்களை வருடத்தில் ஒருமுறைதான் பார்க்க முடியும் என்றால் அந்த மழை மாதத்தில் போய்ப் பாருங்கள். ரேஷன் அரிசி வருகிறதா, நூறு நாள் வேலை அட்டை கையில் இருக்கிறதா, சுய உதவிக் குழுவில் அவசரத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிடைக்குமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேளுங்கள். சான்றின் அசல் எங்கே இருக்கிறது என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூரையில் செருகி வைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.